கடைசிப் பக்கத்து லத்தீன்

ராட்டன்ஸ்டால்
17 மார்ச் 2019, ஞாயிறு

என் கண்ணு ரூபிக்கு,

அன்றைக்கு சேப்பலில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். பிறகு எவரும் மாற்றிப் பேச முடியாது. போதகர் ஆக்டன். ஆர்கன் வாசித்த திருமதி பில்லிங், இருமலோடு. உன் தாத்தாவின் தங்கை டோரீன், கல்யாணத்துக்கு வந்தவள் மாதிரி ஊதாத் தொப்பியில். தன் காது கேட்காததால் மற்றவர்களுக்கும் கேட்காது என்று நினைத்துக் கத்திப் பேசும் கிழவர் எர்னஸ்ட் டக்வொர்த். தாத்தாவோடு பஸ் ஓட்டியவர்கள் நாலு பேர், டிப்போக் கோட்டைப் போட்டுக்கொண்டு. உன் அம்மா லின். நீ. நான். பெட்டிக்குள் உன் தாத்தா நார்மன். அவ்வளவுதான். மழை என்று சொல்லி வராமல் இருந்தவர்களின் பெயரும் என்னிடம் இருக்கிறது, அது வேறு விஷயம்.

நீ செய்த ஆராதனைத் தாளின் முகப்பை எல்லாரும் மெச்சினார்கள். அதை யாரும் இல்லை என்று சொல்லவில்லை. பஸ்ஸின் நெற்றியில் ஊர்ப்பெயர் ஓடுமே, அதே கறுப்புப் பலகை, அதே வெள்ளை எழுத்து, ‘நார்மன் ஹாவொர்த்’ என்று. டிப்போ ஆட்கள் அதைப் பார்த்ததும் மூக்கைச் சிந்தினார்கள். உள்ளே இரண்டு பக்கமும் பாட்டு, ஜெபம், எல்லாம் சரி. பிறகு ஆக்டன் சொன்னார், கடைசிப் பக்கத்தில் குடும்பத்தார் நன்றி சொல்லியிருக்கிறார்கள், திருப்புங்கள் என்று. திருப்பினோம். ஒரு பத்தி முழுக்க லத்தீன்.

எர்னஸ்ட் அதை எல்லாரும் சேர்ந்து சொல்லும் ஜெபம் என்று நினைத்துக்கொண்டு உரக்க ஆரம்பித்துவிட்டார். டிப்போ ஆட்கள் மரியாதைக்காக இரண்டு வரி கூடச் சேர்ந்து சொன்னார்கள். நம் மெதடிஸ்ட் சேப்பலின் சுவர் அந்தப் பாஷையைக் கேட்டதே இல்லை. டோரீன் எல்லார் காதிலும் விழும்படி கேட்டாள்: “எங்கண்ணன் எப்பலேருந்து கத்தோலிக்கனானான்?” பாவம் ஆக்டன், வேறு என்ன செய்வார், கண்ணை மூடிக்கொண்டு “ஆமென்” என்றார்.

கூடத்தில் பன்றித்தொடை ரொட்டியும், உருளைக்கிழங்கை மாவில் பொதிந்து சுட்ட பலகாரமும் வைத்திருந்தோம். நீ ஒரு வாய் சாப்பிடவில்லை. அடுத்த மாதமே கல்லூரியை விட்டுவிட்டு, செல்போன் மணியடிக்காத ஒரு ஸ்காட்லாந்துத் தீவுக்குப் போய் ஹோட்டல் படுக்கை விரிக்கிறாயாம். உன் அம்மா அழுகிறாள். ஒன்றரை வருஷம் கிராபிக் டிசைன் படித்தது படுக்கை விரிக்கவா?

உன்னை நான் என்றைக்கோ மன்னித்துவிட்டேன், கண்ணு. யாருக்குத்தான் தப்பு வராது. திரும்பி வா.

பதில் போட்டால் டைப் அடித்து அனுப்பாதே. உன் கையால், பெரிசு பெரிசாய் எழுது. அதுதான் எனக்குப் பிடிக்கும்.

அன்புடன்
உன் பாட்டி பெரில்

●

மல் தீவு
2 ஏப்ரல் 2019

அன்புள்ள பாட்டிக்கு,

மன்னித்ததற்கு நன்றி. அப்படியானால் என் பெயர் சமையலறை அலமாரிக் கதவில் ஏறவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியதே அந்தக் கதவின் உள்பக்கத்தில்தான், ஞாபகம் இருக்கிறதா? மற்றப் பிள்ளைகள் ஆப்பிள், பந்து என்று படித்தார்கள். நான் நீ பென்சிலால் எழுதி வைத்த, நீ மன்னிக்காதவர்கள் பட்டியலைப் படித்தேன். பல் வைத்தியர். செருப்புத் தொழிற்சாலை மேஸ்திரி. டோரீன். டோரீன், இரண்டாம் முறை.

இங்கே நன்றாக இருக்கிறேன். பதினாலு அறை, ஒரு நாய், கடல். முதலாளியம்மாள் மொராக் நல்லவள், எந்நேரமும் எதையாவது கொடுத்துத் தின்னச் சொல்கிறாள். சாப்பாட்டு அறையில் இருக்கும் உணவுப் பட்டியலில் ஏழு வகை எழுத்துரு போட்டிருக்கிறாள். பார்க்கும்போதெல்லாம் கை அரிக்கிறது. தொடவில்லை. இனித் தொடுவதாக இல்லை.

அன்றைக்கு இருந்தவர்களை ஒருவர் விடாமல் எழுதியிருந்தாய். நடந்ததில்தான் ஒன்றை விட்டுவிட்டாய், பாட்டி. கூடத்தில் தேநீர் ஊற்றும்போது டோரீன் உன்னிடம் கேட்டாள், இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் யாராவது பார்த்தீர்களா என்று. நீ சர்க்கரைக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்: “எனக்கு யாரும் காட்டல. எல்லாம் அவளா பண்ணினது.”

நான் உனக்குப் பின்னால், பலகாரத் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். முழங்காலுக்கு அந்தத் தைலத்தைப் போடுகிறாயா?

முத்தங்களுடன்
ரூபி

●

ராட்டன்ஸ்டால்
21 ஏப்ரல் 2019, ஈஸ்டர்

என் தங்கம் ரூபிக்கு,

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். முழங்கால் பரவாயில்லை. தைலம் நாறுகிறது.

இஞ்சிக் கேக் ஒன்று செய்து இதோடு அனுப்புகிறேன். டப்பாவைத் திருப்பி அனுப்பு, அது என் அம்மாவுடையது. அந்த மொராக்குக்கு ஒரு துண்டு கொடு, இரண்டு வேண்டாம், பழகிவிடுவாள்.

அன்றைக்கு நான் என்ன சொன்னேன், சொல்லவில்லை என்பதெல்லாம் எனக்குச் சரியாக நினைவில்லை. பெட்டியை இறக்கி அரை மணி ஆகியிருந்தது. அப்போது யார் என்ன பேசினால் என்ன.

டோரீன் இன்றைக்கும் விடவில்லை. ஈஸ்டர் ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, “லத்தீன்ல ஆசீர்வாதம் கெடைக்குமா பெரில்?” என்றாள். நானும், “உன் தொப்பிக்கு வேணா பாவமன்னிப்புக் கெடைக்கும்” என்றேன். எர்னஸ்ட் மட்டும் என்னை ஓரமாய் அழைத்துப்போய், சேப்பல் முழுக்கக் கேட்கிற மாதிரி ரகசியம் சொன்னார். சிறு வயதில் கப்பற்படையில் மால்டாவில் இருந்தாராம். அந்தப் பத்தியில் அவருக்கு ஒரே ஒரு வார்த்தை தெரிந்ததாம், ‘டோலோர்’. அங்கே மாதா கோயிலில் கேட்டது. துக்கம் என்று அர்த்தமாம். “அது போதும் பெரில், வேற என்னத்தைச் சொல்லிட முடியும் அன்னிக்கு” என்றார். அவர் பெயர் என் கதவில் ஒரு காலத்திலும் ஏறாது.

உன் ஆசிரியை ஷாஜியா உன் அம்மாவுக்குப் போன் செய்தாளாம். முடிக்காமல் விட்ட வேலையை ஆகஸ்ட் 30க்குள் நீ கொடுத்துவிட்டால் உன் இடம் உனக்கே இருக்குமாம். அதற்குப் பிறகு இல்லையாம். நல்ல பெண்ணாய்த் தெரிகிறாள். வந்துவிடு.

அன்புடன்
பாட்டி

●

மல் தீவு
19 மே 2019

அன்புள்ள பாட்டிக்கு,

கேக் இரண்டே நாளில் தீர்ந்துவிட்டது. நாயும் சாப்பிட்டது. டப்பாவைக் கழுவித் துடைத்து வைத்திருக்கிறேன்.

உனக்கு நினைவில்லை என்று எழுதியிருக்கிறாய். 1968இல் உன் பெண்ணின் பெயர்சூட்டு விழாவுக்கு டோரீன் என்ன நிறக் காலணி போட்டு வந்தாள் என்று உனக்குத் தெரியும். தாத்தா எந்த வருஷம் எந்தத் தேதியில் உன் பிறந்தநாளை மறந்தார், அன்று வானம் எப்படி இருந்தது என்றுகூடத் தெரியும். இது ஒன்றுதான் நினைவில்லையா?

நான் சண்டை போட எழுதவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், அவ்வளவுதான். நன்றி சொல்லும் வார்த்தைகளை நீ தர வேண்டும் என்று காத்திருந்தேன். அதுவரைக்கும் அந்த இடத்தில் டம்மி எழுத்து போட்டு வைத்தேன், அந்த லத்தீன் பத்தியை. பிங்கோ ஹாலில் நாற்காலியில் கோட்டைப் போட்டு இடம் பிடிப்பாயே, அந்த மாதிரி. பிறகு புரூஃப் எடுத்து உன் சமையலறை மேஜையில் வைத்தேன். “பாட்டி, நாலு பக்கமும் பாரு, கடைசில உன் வார்த்தையை எழுதிக் குடு” என்றேன். மறுநாள் வாங்கும்போது மேலே உன் கையெழுத்தில் ‘ரொம்ப நல்லா இருக்கு. பெ.’ என்று இருந்தது. அதைப் பார்த்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிட்டேன். திருப்பிக் கடைசிப் பக்கத்தைப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. அது என் தப்பு. அதை நான் யார்மேலும் போடவில்லை.

அந்தப் புரூஃப் என்னிடம்தான் இருக்கிறது. பெட்டியின் அடியில். அம்மாவிடம்கூடக் காட்டவில்லை. காட்டமாட்டேன்.

ஆனால் இப்போது எந்தப் பக்கத்தை எடுத்தாலும் என் கண்ணையே என்னால் நம்ப முடியவில்லை. அச்சுக்குப் போகும் ஒரு தாளை நம்பி என் கையில் கொடுக்க யாருக்கு மனசு வரும்? மொராக் அந்த உணவுப் பட்டியலை மாற்றித் தரச் சொன்னாள். உட்கார்ந்தேன். ‘சூப்’ என்ற ஒரு வார்த்தையைப் பதினோரு தரம் சரிபார்த்தேன். பிறகு எழுந்து படுக்கை விரிக்கப் போய்விட்டேன். ஷாஜியாவிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

கல்லூரியில் என் பூட்டு அலமாரியைக் காலி செய்ய வேண்டுமாம். அம்மாவுக்கு லீவு கிடைக்காது. நீ போவாயா? சாவி என் அறையில், ஜன்னல் மேல்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. கொஞ்சம் இருந்தது. இப்போது சோர்வுதான் இருக்கிறது.

முத்தங்களுடன்
ரூபி

●

ராட்டன்ஸ்டால்
23 ஜூன் 2019

ரூபிக் கண்ணுக்கு,

போனேன். இரண்டு பஸ் மாறி. பேகப் ஊருக்குப் போகும் பஸ்ஸை ஓட்டியவன் தாத்தா வேலை பழக்கியவனாம், படியைப் பார்த்து ஏறச் சொல்லிவிட்டுத் தானே இறங்கிக் கைகொடுத்தான்.

உன் அலமாரியில் இருந்தவை: ஒரு வெட்டுக் கத்தி, இரும்பு அளவுகோல், நாலு பசை டப்பா, நாலும் காய்ந்தவை, ஒரு கையுறை, தாத்தா சிரிக்கும் போட்டோ ஒன்று. எல்லாம் என்னிடம் பத்திரம்.

ஷாஜியா என்னைக் கண்காட்சி அறைக்கு அழைத்துப்போனாள். வருஷக் கடைசி, பிள்ளைகள் செய்ததையெல்லாம் சுவரில் மாட்டியிருந்தார்கள். பத்திரிகைப் பக்கம், புத்தக அட்டை, பீங்கான் கடைக்கு விளம்பரம். கிட்டப் போய்ப் பார்த்தேன். எனக்கு வியர்த்துவிட்டது, ரூபி. ஒவ்வொரு பக்கத்திலும் அதே லத்தீன். இந்தச் சுவர், அந்தச் சுவர், எல்லாவற்றிலும்.

ஷாஜியாவிடம் கேட்டேன், இதில் என்னம்மா எழுதியிருக்கிறது என்று. அவள் சாதாரணமாய்ச் சொன்னாள்:

“அதுல ஒண்ணுமே இல்லீங்கம்மா. யாருக்கும் புரியக் கூடாதுன்னே போடறது. புரிஞ்சிட்டா கண்ணு படிக்க ஆரம்பிச்சிடும், பக்கம் எப்படி இருக்குன்னு பாக்காது.”

“படிச்சவ நீ, உனக்குமா புரியாது?”

“எனக்கும் புரியாது. எழுதினவங்களுக்கே புரியாதபடிதான் கலைச்சுப் போட்டிருக்கு.”

எனக்கு உட்கார வேண்டியதாகிவிட்டது. நாற்காலி போட்டாள், தண்ணீர் கொடுத்தாள். சர்க்கரை வியாதியா என்று கேட்டாள். இல்லை என்றேன்.

நீ டம்மி எழுத்து என்று எழுதியிருந்ததைப் படித்தேன்தான். ஆனால் அதன் அர்த்தம் எனக்கு அங்கேதான் உறைத்தது.

இதற்கு மேல் இன்றைக்கு எழுத வரவில்லை.

பாட்டி

●

மல் தீவு
5 ஜூலை 2019

பாட்டி,

உனக்கு ஏன் உட்கார வேண்டியதாகிவிட்டது?

ரூபி

●

ராட்டன்ஸ்டால்
11 ஆகஸ்ட் 2019, ஞாயிறு

என் கண்ணு, என் தங்கம் ரூபிக்கு,

ஐந்து வாரம் ஆகிவிட்டது. நாலு தரம் எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது. கிழிக்கும் முன் தபாலில் போட்டுவிடுவேன்.

நீ எனக்குக் காட்டினாய். நான் பார்த்தேன். நாலு பக்கமும் பார்த்தேன். சொன்னது பொய்.

ஆனால் நீ நினைக்கிற மாதிரி நான் கடைசிப் பக்கத்தைப் பார்க்காமல் விட்டுவிடவில்லை. அதைத்தான் ரொம்ப நேரம் பார்த்தேன். தேநீர் ஆறிப்போகும்வரை பார்த்தேன். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. அதனால்தான் ‘ரொம்ப நல்லா இருக்கு’ என்று எழுதினேன்.

உனக்கு இது விளங்காது. நீ நன்றாகப் படித்தவள். நான் சொல்கிறேன் கேள்.

எனக்கு எழுத வரும். என் மனசில் இருப்பதை எழுதுவேன், அது எனக்கு முன்னமே தெரிந்ததுதானே. கையெழுத்தை, அதுவும் உன்னுடையதை, எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவேன். அச்சடித்தது மட்டும் எனக்கு நெளியும். சின்ன எழுத்து என்றால் புழு மாதிரி ஓடும். ஒன்பது வயதில், 1952இல், வகுப்பில் எழுந்து நின்று படிக்கச் சொன்னார்கள். பாதியில் நின்றுவிட்டேன். புரியவில்லை மிஸ் என்றேன். நாற்பது பிள்ளைகள் கேட்க அவள் சொன்னாள்: “புரியலைன்னா தப்பு புஸ்தகத்துல இல்ல, உன் மண்டையில. நல்லா இருக்குன்னு சொல்லிட்டு உக்காரு.” நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு என்னைப் படிக்கக் கூப்பிடவே இல்லை. மைக்கூட்டைக் கழுவ அனுப்பினாள்.

அன்றிலிருந்து அறுபத்தேழு வருஷம், ரூபி. தொழிற்சாலையில் நீட்டிய தாள், ஆஸ்பத்திரியில் நீட்டிய தாள், உன் அம்மாவின் பள்ளிக்கூடத் தாள். ‘ரொம்ப நல்லா இருக்கு’, கையெழுத்து. புரியாத எதைப் பார்த்தாலும் அது என் மண்டையின் தப்பு. தாளில் தப்பு இருக்கும் என்று ஒரு நாள்கூட எனக்குத் தோன்றியதில்லை.

உன் தாத்தாவுக்கு மட்டும் தெரியும். கல்யாணமான முதல் மாதமே கண்டுபிடித்துவிட்டார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த நாளிலிருந்து வருகிற கடிதத்தையெல்லாம் காலைச் சாப்பாட்டில் உரக்கப் படிக்க ஆரம்பித்தார். கேஸ் கம்பெனிக் கடிதம், செய்தித்தாள், மருந்துச் சீட்டு, சோப்புப் பெட்டியின் பின்பக்கம். நீகூடக் கேலி செய்வாய், தாத்தாவுக்குத் தன் குரலே தனக்குச் சங்கீதம் என்று. அவரும் ஆமாம் என்று சிரிப்பார். ஐம்பத்துநாலு வருஷம் அந்தக் கேலியை வாங்கிக்கொண்டார்.

அவர் போனபின் நான் தனியாய்ப் பார்த்த முதல் அச்சுத் தாள் உன் புரூஃப்தான்.

எதிர் நாற்காலி காலியாக இருந்தது. யாரிடம் கேட்பேன்? உன்னிடம் கேட்டால் உனக்குத் தெரிந்துவிடும். அதனால் எழுதினேன். பிறகு டோரீன் கேட்டபோது, அவளிடம் என் மண்டையைக் காட்டுவதற்குப் பதில் உன் தலையைக் காட்டிவிட்டேன். பேத்தியின் தலையை. பிறகு பெரிய மனசு பண்ணி உன்னை மன்னித்ததாகக் கடிதமும் போட்டேன். அந்தக் கடிதத்தைக் கொளுத்திவிடு.

வியாழக்கிழமை சேப்பல் கூடத்தில் காபிக்கு எல்லாரும் வந்திருந்தார்கள். ஆக்டன், பில்லிங், எர்னஸ்ட், டோரீன், டிப்போ ஆட்களில் இரண்டு பேர். கரண்டியால் கோப்பையைத் தட்டினேன். கையில் இருந்த பிஸ்கட் உதிர்ந்துகொண்டே இருந்தது. சொன்னேன்:

“ரூபி அந்தத் தாளை எனக்குக் காட்டினா. நான் பாத்தேன். படிக்கத் தெரியாம நல்லா இருக்குன்னு எழுதிக் குடுத்தேன். காட்டலைன்னு சொன்னது பொய்.”

எர்னஸ்ட்தான், “என்ன சொல்றா? என்ன சொல்றா?” என்று பக்கத்தில் இருந்தவரைக் குடைந்தார். இன்னொரு தரம், இன்னும் உரக்கச் சொல்ல வேண்டியதாயிற்று. இரண்டாம் தரம் சுலபமாக இருந்தது.

டோரீன் கைப்பையைத் திறந்து தன் டைரியை எடுத்தாள். “இன்னிக்கு என்ன தேதி?” என்று ஆக்டனைக் கேட்டாள். “பெரில் ஹாவொர்த் தப்புன்னு ஒத்துக்கிட்ட நாள், எழுதி வெச்சுக்கணும்.” எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். பிறகு அவள் தன் பாட்டுப் புத்தகத்திலிருந்து உன் ஆராதனைத் தாளை எடுத்தாள். ஆறு மாதமாய் அதற்குள் வைத்திருக்கிறாள், ரூபி. எங்கண்ணன் பெயர் இவ்வளவு அழகாய் எங்கேயும் வந்ததில்லை என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, முகப்பைப் பார்த்துச் சொன்னாள். அது போதும்.

ஷாஜியாவுக்குப் போன் செய்தேன். உன் இடம் இன்னும் காலியாக இருக்கிறது. முடிக்காத வேலைக்குப் பதில் புதிதாய் ஒன்று செய்து கொடுத்தாலும் ஏற்றுக்கொள்வாளாம். நான் ஒரு வேலை தருகிறேன். செப்டம்பர் 14 தாத்தாவின் பிறந்தநாள். அந்தத் தாளை மறுபடி அச்சடித்து அன்றைக்கு வந்தவர்களுக்கெல்லாம் கொடுக்க வேண்டும். முகப்பைத் தொடாதே. கடைசிப் பக்கத்துக்கு என் வார்த்தை இதோ. பிப்ரவரியில் நான் கொடுத்திருக்க வேண்டியது:

‘மழையில் வந்தவர்களுக்கு நன்றி. நார்மன் முப்பத்தொரு வருஷம் ஊராரைப் பத்திரமாய்க் கொண்டுசேர்த்தார். ஐம்பத்துநாலு வருஷம் எனக்காக உரக்கப் படித்தார். அவர் படித்தது எல்லாம் எனக்குப் புரிந்தது. பெரில்.’

பெரிய எழுத்தாய்ப் போடு. நான் படிக்க வேண்டும். புரூஃப் எடுத்ததும் என் மேஜைக்குக் கொண்டு வா. இந்தத் தரம் எதிர் நாற்காலியில் நீ உட்கார். நான் விரல் வைத்துப் படிக்கிறேன். புரியாத இடத்தில் புரியவில்லை என்று சொல்கிறேன்.

டப்பாவைத் தபாலில் அனுப்பாதே. கையில் கொண்டு வா. மொராக்கையும் வேண்டுமானால் கூட்டிக்கொண்டு வா, இரண்டு துண்டு தருகிறேன்.

உன் பாட்டி
பெரில் ஹாவொர்த்

பி.கு.: அலமாரிக் கதவை நேற்று ஈரத்துணியால் துடைத்தேன். பல் வைத்தியர் போயாயிற்று. மேஸ்திரி செத்தே போய்விட்டான். டோரீன் இரண்டு இடத்திலும் போய்விட்டாள், லேசாய்த் தெரிகிறாள், பரவாயில்லை, இருக்கட்டும். முதலில் எழுதியிருக்க வேண்டிய ஒரு பெயரை மட்டும் இத்தனை வருஷமாய் அதில் எழுதவே இல்லை. எழுத்துப் பிழை வந்துவிடுமோ என்று பயம். மைக்கூட்டைக் கழுவ அனுப்பியவள் எழுந்து வந்து திருத்துவாள் என்று பயம். இன்றைக்கு எழுதிவிட்டேன். கீழே அதையே எழுதியிருக்கிறேன். சரியாக இருக்கிறதா என்று நீ வந்து புரூஃப் பார்த்துச் சொல். பெயர் தப்பாக இருந்தால் திருத்தலாம், அழிக்கக் கூடாது.

மிஸ் வினிஃப்ரெட் ஆஸ்பினால்